அக்காவின் வாய்ப்பூட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்து பொய்யில்லை. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும்.

அந்த மனநல ஆஸ்பத்திரி நர்ஸுக்கு, தம்பியைச் சிகிச்சைக்குக் கூட்டி வரும் அந்த அக்காவைக் கண்டாலே ஆகாது.

தம்பி பூட்டு ரிப்பேர்க்காரன். பேச ஆளில்லாதபோதும் காதில் குரல் கேட்கும். “நீ எதுக்குடா உசுரோட இருக்கே?” என்று திட்டும். மாத்திரைக்கு அது பாதிதான் அடங்கியது. மீதிக்குக் காந்த சிகிச்சை: இடது காதுக்கு மேலே காந்தச் சுருளை வைத்து நொடிக்கொரு தட்டு. இருபது நாள். கத்தியில்லை, மயக்க ஊசியில்லை. சத்தம் தாங்க இரண்டு காதிலும் பஞ்சு, அவ்வளவுதான்.

தினமும் அக்காதான் கூட்டி வருவாள். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவாள்: ‘பித்தான் போடு.’ ‘பஸ் வந்துடும்.’

“கூடப் பொறந்தவன்கிட்ட என்னம்மா இவ்வளவு வீம்பு?” என்றாள் நர்ஸ்.

அக்கா சிரித்தாள். அதோடு சரி.

“ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கறியே, உங்க அக்கா வாய்ப்பூட்டுக்கு ஒரு சாவி போடக் கூடாதா?”

“அது நல்ல பூட்டு சிஸ்டர். இருக்கட்டும்” என்றான் தம்பி.

கல்நெஞ்சுக்காரி, என்று முடிவு கட்டினாள் நர்ஸ்.

இருபதாம் நாள். சுருளை எடுத்துவிட்டு, வாசலுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள்:

“ஒரு வாரமா அவன் காதுல அந்தக் குரலே இல்லையாம். இப்பவாவது வாயைத் திறங்க!”

அக்கா எழுந்தாள். உள்ளே போய் அவன் முன்னால் நின்றாள்.

“டேய் எருமை, காதுல பஞ்சு அப்படியே இருக்கு பாரு!”

தம்பி நாற்காலியை இறுக்கிப் பிடித்தான்.

“சிஸ்டர், திரும்பி வந்துடுச்சு! பஞ்சு வெச்சும் கேக்குது! அதே குரல்!”

“அதே குரலா? பேசினது உங்க அக்காப்பா!”

அவன் சட்டைப்பையிலிருந்து கசங்கிப்போன ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். இரண்டு வருஷத்துக்கு முந்தி அக்கா எழுதியது. நர்ஸ் படித்தாள்:

‘அது என் குரல்லதான் உன்னைத் திட்டுதுன்னு சொன்னே. இனிமே நான் பேசவே மாட்டேன். என் குரல் கேட்டா, அது நான் இல்லைன்னு தெரிஞ்சுக்கோ.’

“பஞ்சை எடுடாங்கறேன்ல!” என்றாள் அக்கா.

தம்பி அவள் உதட்டையே உற்றுப் பார்த்தான்.

“சிஸ்டர்... வாய் அசையுது!”

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நர்ஸ் வாயே திறக்கவில்லை. இதை யார் சொன்னது என்று அவள் கேட்டால், நீங்களும் திறக்காதீர்கள்.