தேதி மட்டும் பாக்கி

"எப்படி செத்தாங்க?"

இந்தக் கடையில் கேட்கவே கூடாத கேள்வி. இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுத் தருவதோடு நம் வேலை முடிந்தது, இன்னொரு தரம் கேட்டால் வேலை கிடையாது என்று போன வாரம்தான் முதலாளி எச்சரித்திருந்தார். கம்ப்யூட்டர் முன் இருந்த அவள் மறுபடியும் கேட்டுவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் கைக்குட்டையை நாலாக மடித்தார். கசங்காத சட்டை. "என் மனைவிங்க. விபத்து. மாடிப்படியில வழுக்கி... எதிர்பாராம நடந்துடுச்சு."

விபத்து என்ற அந்தச் சொல் அவளுக்குப் பழக்கம். அக்கா தீயில் வெந்தபோது அத்தான் வீட்டார் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னது. போலீஸ் நீட்டிய தாளில் அப்பா கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். திருப்பிக் கேட்க அன்று வீட்டில் படித்தவர் யாருமில்லை. இப்போது அவள் இருக்கிறாள்.

"படி ஈரமா இருந்துச்சா? யார் கழுவினாங்க?"

"ஏம்மா!" உள்ளிருந்து முதலாளி பாய்ந்து வந்தார். "மன்னிச்சுக்குங்க சார். டிகிரி வாங்கினாலும் வாங்கினா, வாய் முழ நீளம்!"

"பரவாயில்லைங்க. சின்னப் பொண்ணு." அவர் சிரித்தார்.

திரையில் அவர் மனைவியும் சிரித்தாள். முன்பல் பாதி உடைந்திருந்தது.

"பல்லைச் சரிபண்ணணுமா?"

"வேண்டாம். அது இருந்தாதான் அவ."

"மறைந்த தேதி?"

"அதை மட்டும் காலியா விடுங்க. அப்புறம் எழுதிக்கலாம்." குரல் தணிந்தது. "எதையும் கடைசி நேரத்துக்கு வச்சுக்க மாட்டேன். அப்படியே பழகிட்டேன்."

அவள் தட்டச்சை நிறுத்தி நிமிர்ந்தாள். "செத்த தேதி கூடவா தெரி..."

"வாயை மூடு! இன்னொரு கேள்வி கேட்டே, இப்பவே வீட்டுக்குக் கிளம்பு!" முதலாளியின் முகம் சிவந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது.

"என்னங்க, இன்னும் முடியலையா? கார்ல புழுங்கிச் சாகறேன். மாடிப்படியைக் கழுவிவிடணும்னு நீங்கதானே பறந்தீங்க?"

அவள் திரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். முதலாளி கத்தக் கத்த நேரே வாசலுக்குப் போய், பாதி உடைந்த முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தவளின் கையை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, என்கூட வாங்க."