பெரியகருப்பன் எழுதிய ஃபங்ஷன்

“இதை எங்கேருந்தும்மா மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்க?” என்றார் ஆத்மநாதன்.

சுடர்விழி வெள்ளைப் பலகையை நிறைத்து ஒரு ஃபங்ஷனை, ஒரு வேலையைச் செய்து முடிக்கிற நிரல்துண்டை, எழுதியிருந்தாள். புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நேர்முகத் தேர்வு. சென்னைக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஆத்மநாதனுக்குக் கர்னல் வேலைக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். கம்ப்யூட்டரின் அடிமடியில் உட்கார்ந்து ஃபைல்களைக் காக்கிற நிரல் அது. காலையிலிருந்து இருபது பேரைப் பார்த்து மனிதர் சலித்துப் போயிருந்தார்.

“மனப்பாடம் இல்லைங்க சார். ஃபைலுக்குப் பேரு மாத்துறப்ப பாதியில கரண்டு போனா, பழைய பேரும் போயிரும், புதுப் பேரும் பதிஞ்சிருக்காது. ஃபைல் அம்போன்னு நிக்கும். அதான் புதுப் பேரு பதிஞ்ச பெறகு பழசை அழிக்கிற மாதிரி எழுதியிருக்கேன். எங்க விராலிமலைப் பக்கம் கரண்டு போறதுக்கு நேரங்காலம் கிடையாதுங்க.”

ஆத்மநாதன் மசியவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

“உலகம் பூரா ஓடுற, யாரு வேணா எழுதி அனுப்பலாம்ங்கிற கர்னல்ல போன மாசம் சேர்ந்த ஃபங்ஷன் இது. வரிக்கு வரி நீங்க எழுதினதேதான். எழுதினவர் பேரைப் பாருங்க. எஸ். பெரியகருப்பன். எஸ்ஸுன்னா சுப்பையாவோ சோமையாவோ, அந்த மனுஷனைப் பெத்த அப்பனைக் கையெடுத்துக் கும்பிடணும். அவரோடதைச் சுட்டுட்டு வந்து எங்கிட்டயே காட்டுறீங்க.”

“சார், அது வந்து...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். காப்பி அடிக்கிறவங்களுக்கு எங்க கம்பெனியில எடமில்ல.”

மூன்று வருடத்தில் சுடர்விழி படியேறிய பதினேழாவது கம்பெனி இது. இதுவும் போனால் அடுத்து எங்கே போவது என்று அவளுக்கே தெரியவில்லை.

“அந்தப் பெரியகருப்பன் மட்டும் கிடைச்சா, இன்டர்வியூவே இல்லாம இந்த நிமிஷமே ஆர்டர் கொடுப்பேன்” என்று பெருமூச்சு விட்டார் ஆத்மநாதன்.

சுடர்விழி நிமிர்ந்தாள். “நெசமாவா சார்?”

“நெசமாத்தான். பேரு மட்டும் எழுத வேண்டியது, ஆர்டர் பையிலயே இருக்கு.”

“அப்ப போய்ப் பாருங்க சார். பெரியகருப்பன் வெளியிலதான் ஒக்காந்திருக்காரு.”

ஆத்மநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலைந்த தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு, ஆர்டரை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வெளியே போனார். வாசலில் நின்ற மொபெட்டில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை.

“பெரியகருப்பன் சார்?”

“நாந்தாங்க.”

குலுக்குவதற்கு நீட்டிய கையைப் பார்த்து அவர் கூசிப் பின்வாங்கினார். “கையெல்லாம் கிரீஸுங்க.”

“பரவாயில்ல சார். அந்தக் கர்னல் ஃபங்ஷனை எப்படி சார் எழுதினீங்க?”

“நமக்கு பஞ்சர் ஒட்ட மட்டுந்தாங்க தெரியும். ஹைவேஸ்ல கடை வச்சிருக்கேன்.” அவர் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. “வெள்ளைக்காரங்க தம் பேரை முன்னால போட்டு, அப்பன் பேரைக் கடைசியில போடுவாங்களாமே. எம் புள்ளையும் அதே மாதிரி எம் பேரை முழுசா எழுதிட்டு, தம் பேரை ஒத்தை எழுத்தாச் சுருக்கிக்கிருச்சு. எஸ்ஸுன்னா சுடர்விழிங்க.”

ஆத்மநாதன் திரும்பினார். பின்னாலேயே வந்திருந்த சுடர்விழி, ஆர்டருக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.