வாசலில் திரும்பும் தடம்

கென்யாவில் நைரோபியா நகுருவா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பார்சல் கம்பெனி ஒன்று. இணைய வரைபடம் காட்டும் வழிகளை முப்பது நாளுக்கு மேல் சேமிக்கக் கூடாது என்பது வரைபடக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம். அழிக்கும் வேலை அங்கிருந்த வயதான ஊழியர் முசெம்பியுடையது.

மேலாளர் செப்கோரிர் கத்தினாள். "பெரியவரே, மூணு வருஷத்து வழி அப்படியே கெடக்கு! உங்க வேலைக்கு உலை வைக்கிறீங்களா?"

"அது வரைபடக்காரங்க காட்டுன வழி இல்லம்மா. போனோட நானே நடந்து பதிஞ்சது. வச்சுக்கலாம்."

திரையில் ஞாயிறுதோறும் ஒரே தடம் ஒரே வாசலில் திரும்பியது.

"இத்தனை தடவை போயும் பார்சலைக் குடுக்கலையா? யாரு வீடு?"

"என் மக வீடு. கதவைத் தட்டத் துணிச்சல் வரல."

அவரே நடந்து பதிந்த தடம் ஒப்பந்தத்தில் வராததால் முசெம்பியின் வேலை தப்பியது. செப்கோரிர் வற்புறுத்தி அனுப்ப, அடுத்த ஞாயிறு கதவைத் தட்டினார். மகள் இரண்டு வருடம் முன்பே வீடு மாறிப் போயிருந்தாள்.