சீல் பிரிக்காத பரிசு

"அழிச்சுத் தள்ளுங்க ஹாத்தம்! ஒரே அமுக்குல எல்லாம் போயிடணும்" என்றான் முன்ஸிஃப்.

ரிப்பேர் கடைக்காரன் ஹாத்தம் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பறக்காதீங்க. என்னன்னு பார்க்காம அழிச்சா, நாளைக்கு வேற ரூபத்துல வந்து நிக்கும்."

"வண்டியை ரோட்டை மறிச்சு விட்டுட்டு வந்திருக்கேன்யா. நகராட்சிக்காரன் சக்கரத்துல பூட்டு மாட்டிடுவான். இந்தா, அதுவரைக்கும் என் போனையாவது சார்ஜுல போடுங்க."

பக்கத்தில் நின்றாள் அவன் தங்கை சிரின். வர்ற ஞாயிறு அவளுக்கு நிக்காஹ். லேப்டாப் மாப்பிள்ளை கொடுத்தது.

துறைமுக ஊரான பிஸெர்த்தில் ரமலான் இருபத்தேழாம் இரவு எந்த மாப்பிள்ளையும் வெறுங்கையோடு பெண் வீட்டுக்குப் போக முடியாது. ஊரெல்லாம் வளையல் கொண்டுபோகும். துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கிற வஜ்தி, இவள் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறவள் என்று லேப்டாப் கொண்டுபோனான். பிரெஞ்சில் கிடந்த விண்டோஸை அன்றைக்கே உட்கார்ந்து அரபிக்கு மாற்றிக் கொடுத்தது அண்ணன் முன்ஸிஃப். அப்பா போனபிறகு அவளுக்கு எல்லாமே அண்ணன்தான்.

நேற்று, காணாமல் போன கட்டுரை ஒன்றைத் தேடப் போய், மறைந்து கிடக்கும் ஃபைல்களையும் காட்டு என்று டிக் போட்டாள். மங்கலாக ஒரு ஃபைல் எட்டிப் பார்த்தது.

"பேர் என்னமோ விண்டோஸோட சொந்த ஃபைல் பேருதான் தங்கச்சி" என்றான் ஹாத்தம். "ஆனா அந்தப் பேர்ல இருக்கிறது இந்த இடத்துல இருக்கக் கூடாது. மாறுவேஷம் போட்டு உட்கார்ந்திருக்கு."

கடைக்குள் நுழைந்ததுமே அவன் லேப்டாப்பின் வைஃபையை நிறுத்தியிருந்தான். இப்போது அந்த ஃபைலை மட்டும் பிரதி எடுத்து, தன் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு வைரஸ் சோதனையாக ஓடவிட்டான். திரையில் சிவப்பு, சிவப்பு, மறுபடியும் சிவப்பு.

"சந்தேகமே இல்ல. நீங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் பிடிச்சு யாருக்கோ அனுப்புது. வாங்கின புதுசுலயே ஏத்தியிருக்காங்க. தேதி அப்படித்தான் சொல்லுது."

சிரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தோழிக்கு எழுதியது, அம்மாவைத் திட்டி எழுதி அனுப்பாமல் விட்டது, கல்யாணத்தை நினைத்துப் பயந்து தனக்குத்தானே எழுதியது... எல்லாமா?

முன்ஸிஃப் அவள் பக்கம் திரும்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான். "லேப்டாப்பைக் குடுத்தது யாரு சிரின்?"

"அண்ணா..."

"நான் எதுவும் சொல்லல. யாரு குடுத்தான்னுதான் கேட்டேன்."

அவ்வளவுதான். அவள் தன் போனை எடுத்து வஜ்தியைக் கூப்பிட்டுவிட்டாள்.

துறைமுகம் அடுத்த தெரு. வஜ்தி எண்ணெய்க் கையோடு ஓடிவந்தான்.

"என்ன சிரின்? என்ன ஆச்சு?"

"நான் யார்கிட்ட என்ன எழுதறேன்னு தெரிஞ்சுக்கணும்னா, என்னைக் கேட்டிருக்கலாமே?"

ஹாத்தம் விஷயத்தைச் சொன்னான். வஜ்தியின் முகம் வெளுத்தது. "சத்தியமா நான் இல்ல! பெட்டியோட சீலைக்கூடப் பிரிக்காம உங்க அம்மா கையிலதானே குடுத்தேன்?"

"பிரிச்சுட்டுத் திரும்ப ஒட்டத் தெரியாதா உனக்கு?" முன்ஸிஃப் எகிறினான். "எஞ்சினையே கழட்டி மாட்டுறவன்தானே! ஒரு பொண்ணு எழுதறதை ஒளிஞ்சு நின்னு படிக்கிறவன் மனுஷனாடா? கட்டிக்கிறதுக்கு முன்னாடியே இப்படின்னா, கட்டிக்கிட்டா மூச்சு விடறதையும் எண்ணுவ!"

"அண்ணே, நான் சிரின்கிட்ட பேசிட்டிருக்கேன்."

"நான் அவ அண்ணன்டா!"

வஜ்தி அவளைப் பார்த்தான். "நீ சொல்லு. நீ நம்புறியா?"

அவள், நிச்சயத்தன்று அவன் போட்ட மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள். கறுத்த உள்ளங்கையில் அது விழுந்தது. வஜ்தி கையை மூடிக்கொண்டான். கெஞ்சியிருந்தால்கூட அவள் மனசு இளகியிருக்கும். பாவி, கெஞ்சத் தெரியாதவன். படியிறங்கிப் போய்விட்டான்.

"விடு, பீடை ஒழிஞ்சுது" என்று தங்கையின் தலையைத் தடவினான் முன்ஸிஃப். "ஹாத்தம், இப்பவாவது அழிச்சுத் தொலைங்க."

அதற்குள் வெளியே யாரோ கத்தினார்கள். "யாருதுப்பா இந்த வெள்ளைக் காரு? பூட்டுக்காரங்க வந்துட்டாங்க!"

"ஐயோ, என் வண்டி!" முன்ஸிஃப் தலைதெறிக்க ஓடினான்.

சிரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழிச்சிடுங்க அண்ணே. இனிமே பார்க்க என்ன இருக்கு?"

"இருங்க தங்கச்சி. எங்கிருந்து வந்துதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. எங்க போகுதுன்னு நான் இன்னும் பார்க்கவே இல்ல. அவரு கூப்பாடு போட்டதுல என்னை எங்க பார்க்கவிட்டாரு?" ஹாத்தம் வைஃபையைத் திறந்தான். "ஏதாவது ஒரு வரி தட்டுங்க. கிளம்புற விலாசத்தைப் பிடிச்சிடறேன்."

என்ன தட்டுவது? மனசு முழுக்க ஒன்றுதான் இருந்தது. அழுதுகொண்டே அதையே தட்டினாள்.

கவுன்ட்டர் மேல் சார்ஜில் கிடந்த போன் 'டிங்' என்றது. ஹாத்தம் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன், அதை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

முன்ஸிஃபின் போன் திரையில் அவள் வரி மின்னிக்கொண்டிருந்தது: 'அண்ணன் மட்டும் இல்லேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்?'