தோன்றியிருக்குமா?

"அந்த மனுஷன் மறுபடியும் வந்திருக்கார்" என்றாள் வீப்கே, கதவை மெல்லச் சாத்திவிட்டு.

மியூனிக்கில் காப்புரிமை வக்கீல் அலுவலகம் ஒன்றில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான். வந்திருந்தவர் டெஸ்மர், எரிவாயுவில் வெந்நீர் போடும் ஹீட்டர்களை மாட்டும் மெக்கானிக். புகைக்குழாயில் காற்று உள்பக்கம் திரும்பினாலே போதும், விஷவாயு அறைக்குள் இறங்குமுன் ஹீட்டரை அணைத்துவிடும் ஒரு கருவியைச் செய்திருந்தார்.

"இந்தப் பனியில ஜன்னலைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கார், கெரியோன். பக்கத்துல ஆளே இல்ல. 'பொறும்மா, கேட்டுச் சொல்றேன்'னு யார்கிட்டயோ பேசுறார். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போச்சு."

கூட வேலை பார்க்கும் கெரியோன் சிரித்தான். "பணத்தாசை முத்திப்போச்சு. அதை விடு, அவர் கேஸ் என்ன ஆச்சு?"

"அதுல என்ன இருக்கு? வாயு வந்தா மணியடிக்கிற கருவி ஏற்கெனவே இருக்கு. கொஞ்சம் யோசிச்சா யாருக்கும் தோணும். அப்படித் தோணுறதுக்கெல்லாம் காப்புரிமை தரமாட்டாங்களே."

"விடையைப் பார்த்துட்டுப் பேசுற. அப்படிப் பார்த்தா எல்லாமே சுலபம்தான். தொழில் தெரிஞ்ச ஒரு சாதாரண ஆள், அந்த மணிக் கருவியை மட்டும் பார்த்துக்கிட்டு நிக்கிறான். அவனால முடியுமாங்கிறது பேச்சில்ல. செஞ்சிருப்பானா? இந்தப் பக்கம் போடான்னு பழைய ஆவணம் ஏதாவது அவனுக்குச் சொல்லுதா?"

வீப்கே பழைய ஆவணங்கள் எல்லாவற்றையும் திரும்பப் படித்தாள். மணியை இன்னும் சத்தமாக அடிக்கவைக்கத்தான் எல்லோரும் வழி தேடியிருந்தார்கள். புகைக்குழாய்ப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

"இல்லடா. அவனுக்குத் தோணியிருக்காது."

"அப்போ போய் அவர்கிட்ட சொல்லு."

முன்னறை குளிரில் விறைத்துக் கிடந்தது. டெஸ்மர் எழுந்தார். வரும்போதெல்லாம் கேட்பதையே கேட்டார்.

"தொழில் தெரிஞ்சவனுக்கு இது முன்னாடியே தோணியிருக்கணும், இல்லையா?"

தன் கண்டுபிடிப்பைப் பற்றி எவரும் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"தோணியிருக்காது ஸார். அதைச் சொல்லித்தான் வாதாடப் போறோம். காப்புரிமை கிடைச்சுடும்னு நினைக்கிறேன்."

"அது கிடக்கட்டும்மா. நிஜமாவே தோணியிருக்காதா?"

"நிஜமாத்தான்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"குளிக்கப் போன என் பொண்ணு வெளிய வரவே இல்ல. அந்த ஹீட்டரை மாட்டினது நான்தான்."