பானைக்குள் நீலம்

பதினான்கு நாளாக அந்தக் குஞ்சுகளுக்கு நிறமே இல்லை.

பதினைந்தாம் நாள் காலை, மருதாசலம் கூண்டின் மேல் போர்த்தியிருந்த சாக்கை விலக்கி, உள்ளே கூடாகக் கட்டியிருந்த பானைக்குள் கைவிட்டு ஒரு குஞ்சை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

வயிற்றோரம் முளைவிட்டிருந்த இறகு நீலம்.

அரவேணுவில் அவர் மளிகைக்கடைக்கு வருகிற எல்லோருக்கும் அந்த லவ்பேர்ட்ஸ் ஜோடியைத் தெரியும். ஆணும் பச்சை, பெண்ணும் பச்சை. கலப்பில்லாத ஜோடி என்று பொட்டலம் கட்டிக்கொண்டே பெருமையடிப்பார்.

மருமகள் மனிஷா குழந்தையை இடுப்பில் வைத்தபடி பக்கத்தில் நின்றாள். குழந்தைக்குச் சாம்பல் நிறக் கண்கள்.

அந்த நிறம் தெளிந்த அன்று, தங்கள் வம்சத்தில் பூனைக்கண்ணே கிடையாது என்ற மருதாசலம் பிறகு பிள்ளையைத் தொடவில்லை.

தன் அத்தைக்கு உண்டு என்றாள் மனிஷா. ஒரு பக்கம் இருந்தால் மட்டும் போதாது, இரண்டு பக்கமும் மறைந்திருக்க வேண்டும் என்று படித்ததையும் சொன்னாள். அதைச் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கொண்டாள்: எங்கள் பக்கம்தான் இல்லையே, அப்புறம் எப்படி என்றார் அவர்.

கணவன் கீர்த்திவாசன் அவளை நம்பினான். அப்பாவிடம் அதைச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.

“வேற ஆணு பூந்திருக்கும்,” என்றார் மருதாசலம்.

சர்க்கரைக்குக் காத்திருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பூட்டுச் சாவி உங்க அரைஞாண்லதானுங்க மாமா இருக்குது,” என்றாள் மனிஷா.

தராசுக்குப் பின்னால் கீர்த்திவாசன் சத்தமாகவே சிரித்துவிட்டான்.

மருதாசலம் இடுப்பைத் தடவிப் பார்த்தார். சாவி இருந்தது. பச்சை ஜோடி இரண்டும் குஞ்சிலிருந்து அவர் கையால் தின்று வளர்ந்தவை. அந்தக் கூண்டுக்குள் வேறொரு பறவை வந்ததே இல்லை.

மனிஷா தலை குனியவில்லை. குழந்தையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள்.

அவர் கண் கல்லாவுக்கு மேல் மாலை போட்டிருந்த தன் அம்மாவின் படத்துக்குப் போனது. கறுப்பு வெள்ளைப் படம்.

குஞ்சைப் பானைக்குள் மெல்ல விட்டார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டையும் குழந்தையிடம் நீட்டினார். குழந்தை தாவியது.

கடைக்கு வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“வெள்ளைக்காரத் தொரை குடுத்த கண்ணுன்னு ஊரே பேசுச்சுன்னு மறைச்சுப்போட்டேன். எங்கம்மாளுக்கும் இதே கண்ணுதான், அம்மணி.”