வெண்டலின் மினிபைக்

இண்டியானாவின் பழைய சாமான் சந்தையில் வாங்கிய மினிபைக்கை, சிறுவர் ஓட்டும் அந்தக் குட்டி மோட்டார் வண்டியை, ஆர்லன் குளிர்காலம் முழுக்கத் துருநீக்கிச் சிவப்புப் பெயின்ட் அடித்தான். சின்ன வயதிலேயே இறந்துபோன தம்பி வெண்டலின் வண்டி இதுதானா என்பது மட்டும் பிடிபடவில்லை. வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடையாள எண் எதுவும் இல்லை.

"எல்லாம் ஒரே மாதிரி குழாய்தாண்டா. நீ ஆசைப்பட்டா இது அவன் வண்டியாயிடுமா?" என்றாள் அக்கா வெர்னா.

ஆர்லன் வண்டியருகில் நின்று எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"போதும், நிறுத்துடா! காது போகுது!"

நிறுத்துவதற்கு எஞ்சினின் ஸ்பார்க் பிளக் மேலுள்ள தகட்டை அழுத்த வேண்டும். வெண்டல் உட்கார்ந்தபடியே பூட்ஸ் நுனியால் அழுத்துவான். ஆர்லன் கை நீட்டுமுன் தகடு தானே வளைந்தது. சத்தம் நின்றது. யாரும் உட்காராமலே அமுங்கியிருந்த சீட்டு, ஆள் இறங்கியதுபோல் மெல்ல மேலெழும்பியது.

வெர்னா வீட்டுக் கதவைத் திறந்துவைத்தாள்.

"சேத்துக் காலோட உள்ள வராதேடா," என்றாள், ஆர்லனை அல்ல, காலி சீட்டின் பக்கம் பார்த்து.